ஐஸ்லாந்தில் திமிங்கலமும் பஃபினும் பார்க்க: சென்னையிலிருந்து ஹூசாவிக் வரை

ஐஸ்லாந்தின் வடகரையில் ஹூசாவிக் என்ற சிறிய துறைமுக ஊர் இருக்கிறது. அங்கே படகேறித் திமிங்கலம் பார்த்துத் திரும்ப மூன்று மணி நேரம் போதும். ஆனால் அந்தப் படகில் ஏறி நிற்க, சென்னையில் இருப்பவர் ஐந்தாறு மாதம் முன்பே வேலையைத் தொடங்க வேண்டும். நாங்கள் குடும்பத்தோடு கிளம்பியபோது விசா ஒரு பக்கம், விமானம் ஒரு பக்கம், கடல் நிலவரம் ஒரு பக்கம் என்று இழுத்தடித்தது. ஒவ்வொரு விவரத்தையும் ஒவ்வொரு இடத்தில் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம் என்றுதான் வரிசைப்படி எழுதுகிறேன். இந்திய பாஸ்போர்ட்டை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். இலங்கை பாஸ்போர்ட்டுக்கும் விசா பகுதி பெரும்பாலும் இதேதான்.

1. முதலில் தேதியைக் குறியுங்கள்

பலரும் விலை குறைந்த விமான டிக்கெட்டைப் பார்த்துவிட்டுத் தேதி வைக்கிறார்கள். இந்தப் பயணத்தில் தேதியைச் சொல்ல வேண்டியது கடல்தான்.

பஃபின் என்ற கடற்பறவை ஏப்ரல் நடுவில் கரைக்கு வந்து, ஆகஸ்ட் நடுவில் கிளம்பிவிடும். மற்ற மாதங்களில் நடுக்கடலில் இருக்கும், கண்ணில் படாது. ஹம்ப்பேக் திமிங்கலத்தைக் கோடை முழுக்கப் பார்க்கலாம். நீலத் திமிங்கலம் ஹூசாவிக் விரிகுடாவுக்குள் வந்தால் பெரும்பாலும் ஜூன் மாதத்தையொட்டித்தான் வரும், அதுவும் எல்லா ஆண்டும் நிச்சயமில்லை. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஜூன் பாதியிலிருந்து ஜூலை பாதி வரை நல்ல காலம். இரவே இல்லாத நாட்கள் அவை. மாலை எட்டு மணிக்குக் கிளம்பும் படகில்கூட வெளிச்சத்துக்குக் குறைவிருக்காது. விலை உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். செலவைக் குறைக்க நினைத்தால் மே கடைசி வாரம் பாருங்கள். பஃபின் இருக்கும், கூட்டம் குறைவு, குளிர் கொஞ்சம் கூடுதல்.

ஆகஸ்ட் கடைசியில் போய்விட்டு "பஃபினே இல்லையே" என்று வருத்தப்படுகிறவர்கள் நிறைய. பள்ளி விடுமுறை, அலுவலக விடுப்பு எல்லாவற்றையும் இந்தக் கணக்கோடு ஒத்துப் பாருங்கள்.

ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். நீலத் திமிங்கலம் ஒன்று மட்டுமே உங்கள் ஆசை என்றால் இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. இலங்கையின் மிரிஸ்ஸவும் திருகோணமலையும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஐஸ்லாந்துக் கடலுக்குப் போவது ஹம்ப்பேக், வெண்மூக்கு டால்பின், பஃபின், அந்தக் குளிர்ந்த நீரை நம்பி வாழும் பறவைக் கூட்டங்கள் ஆகியவற்றுக்காக.

2. எந்தத் துறைமுகம்?

தலைநகர் ரெய்க்யாவிக்கின் பழைய துறைமுகத்திலிருந்தே படகுகள் கிளம்புகின்றன. அங்கே ஆண்டு முழுக்கச் சுற்றுலா உண்டு. பஃபினை மட்டும் காட்டும் ஒரு மணி நேரப் படகும் கோடையில் இருக்கிறது. நான்கு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் இதுவே போதும்.

வடக்கே போக முடிந்தால் ஹூசாவிக் அல்லது அக்குரெய்ரி. அக்குரெய்ரி நீண்ட ஃபியோர்டின், அதாவது மலைகளுக்கு நடுவே நிலத்துக்குள் நீளும் கடலின், உள்ளே இருப்பதால் அலை குறைவு. கடல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் வயதான பெற்றோருக்கும் அதைத்தான் சொல்வேன். ஹூசாவிக் ஸ்கியால்ஃபந்தி விரிகுடாவில் இருக்கிறது. அங்கே லுண்டே என்ற பஃபின் தீவும் திமிங்கலங்கள் இரை தேடும் பகுதியும் ஒரே பயணத்தில் கிடைக்கும். குடும்பத்தில் பறவை ஆர்வலர் ஒருவர் இருந்தாலும் ஹூசாவிக்தான்.

ரெய்க்யாவிக் அருகிலும் லுண்டே என்ற பெயரில் ஒரு தீவு உண்டு. இணையத்தில் டிக்கெட் எடுக்கும்போது எந்த ஊரிலிருந்து படகு கிளம்புகிறது என்பதைப் பார்த்துப் பணம் கட்டுங்கள்.

3. விசா

ஐஸ்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள் சேர்ந்த ஷெங்கன் பகுதியில் இருக்கிறது. அதனால் சுற்றுலாவுக்கு ஷெங்கன் விசா வேண்டும். விண்ணப்பத்தை விஎஃப்எஸ் குளோபல் மையத்தில் கொடுப்பீர்கள். அது காகிதமும் கைரேகையும் வாங்கும் இடம் மட்டுமே, முடிவெடுப்பது தூதரகத் தரப்பு. "கவுன்டரில் ஓகே சொன்னார்கள்" என்று நம்பி டிக்கெட்டுக்கு முழுப் பணம் கட்டாதீர்கள்.

காலம்: பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். பரிசீலனைக்கு வழக்கமாக 15 நாள், கூடுதல் விவரம் கேட்டால் 45 நாள் வரை போகும். ஆனால் உண்மையான தாமதம் பரிசீலனைக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கோடைக்கான அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் தீர்ந்துபோகும். ஜூன் பயணத்துக்கு பிப்ரவரி கடைசியில், தள்ளினால் மார்ச்சில், அப்பாயின்ட்மென்ட் எடுத்துவிடுங்கள்.

கட்டணம்: 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்குள் 45 யூரோ, ஆறு வயதுக்குக் கீழ் இல்லை. விஎஃப்எஸ் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் எதுவும் திரும்ப வராது.

எடுத்துப் போக வேண்டியவை:

- பாஸ்போர்ட். பத்து ஆண்டுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். ஷெங்கன் பகுதியை விட்டுக் கிளம்பும் நாளிலிருந்து மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இரண்டு வெற்றுப் பக்கம் வேண்டும். பழைய பாஸ்போர்ட்களையும் கொண்டுபோங்கள்.
- 35க்கு 45 மில்லிமீட்டர் அளவில் வெள்ளைப் பின்னணிப் படம். ஸ்டுடியோவில் "ஷெங்கன் விசா சைஸ்" என்றால் எடுத்துத் தருவார்கள்.
- குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு. ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றுக்கும் செல்லும் என்று அதில் எழுதியிருக்க வேண்டும்.
- வங்கிக் கணக்கு ஸ்டேட்மென்ட், வங்கி முத்திரையோடு. வருமான வரிக் கணக்கு, சம்பளச் சீட்டு.
- வேலை செய்பவர் என்றால் விடுப்பு ஒப்புதல் கடிதம், சொந்தத் தொழில் என்றால் ஜிஎஸ்டி பதிவு முதலிய சான்றுகள்.
- விமான முன்பதிவு, எல்லா இரவுக்கும் தங்குமிட முன்பதிவு. இலவசமாக ரத்து செய்யக்கூடிய அறைகளாகப் பார்த்துப் போடுங்கள்.
- நாள்வாரியான பயணத் திட்டத்தோடு ஒரு கடிதம். படகு டிக்கெட் நகலையும் சேர்த்துவிடுங்கள். நீங்கள் எதற்காகப் போகிறீர்கள் என்பதை அந்த ஒரு தாள் தெளிவாகச் சொல்லும்.

வங்கிக் கணக்கில் ஒரு எச்சரிக்கை. விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் மாமாவிடமோ நண்பரிடமோ வாங்கிப் பெரிய தொகையைப் போட்டு இருப்பைக் கூட்டிக் காட்டாதீர்கள். கணக்கைப் பார்க்கிறவருக்கு அது முதல் பார்வையிலேயே தெரியும். மாதம்தோறும் சம்பளம் வந்து, செலவு போக மிச்சம் நிற்கும் சாதாரணக் கணக்குக்குத்தான் மதிப்பு.

இன்னொரு பெரிய பொறி. எங்களிடம் ஒரு பயண முகவர், "எந்த ஷெங்கன் நாட்டில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கிறதோ அங்கே போட்டுவிடலாம், எல்லாம் ஒரே விசாதான்" என்றார். அப்படிச் செய்யவே கூடாது. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். சம நாட்கள் என்றால் முதலில் நுழையும் நாடு. பாரிஸில் ஐந்து நாள், ஐஸ்லாந்தில் நான்கு நாள் என்றால் அது பிரான்ஸ் விண்ணப்பம்.

விசா கைக்கு வந்ததும் ஸ்டிக்கரில் பெயர், தேதி, எத்தனை முறை நுழையலாம், எத்தனை நாள் தங்கலாம் என்ற நான்கையும் அங்கேயே சரிபாருங்கள்.

4. விமானம்

சென்னையிலிருந்து ஐஸ்லாந்துக்கு நேரடி விமானம் இல்லை. ஃபிராங்ஃபர்ட் போன்ற ஷெங்கன் நகரம் வழியாகப் போனால் குடியேற்றச் சோதனை அங்கேயே முடிந்துவிடும். 2025 அக்டோபரில் தொடங்கிய புதிய எல்லைப் பதிவு முறையில் கைரேகையும் முகப்படமும் எடுக்கிறார்கள், வரிசை நீளும். மாறுவதற்கு மூன்று மணி நேரமாவது விடுங்கள்.

லண்டன் வழியாகப் போகும் டிக்கெட் சில நாட்களில் விலை குறைவாகத் தெரியும். இந்திய பாஸ்போர்ட்டில் சாதாரணச் சுற்றுலா ஷெங்கன் விசா ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு லண்டனில் விமானம் மாற முடியாது. பிரிட்டனின் டிரான்சிட் விசா தனியாக எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சென்னை கவுன்டரிலேயே நிறுத்திவிடுவார்கள். அந்த விசாச் செலவையும் அலைச்சலையும் கூட்டினால் மிச்சம் எதுவும் இருக்காது.

அடுத்தது ஐஸ்லாந்துக்குள். பன்னாட்டு விமானம் கெஃப்லாவிக்கில் இறங்கும். அக்குரெய்ரி போகும் உள்நாட்டு விமானம் கிளம்புவது ரெய்க்யாவிக் நகர விமான நிலையத்திலிருந்து. இரண்டுக்கும் நடுவே சுமார் 50 கிலோமீட்டர். ஒரே விமான நிலையம் என்று நினைத்து இரண்டு மணி நேர இடைவெளியில் டிக்கெட் எடுத்தால் விமானம் போய்விடும். நாங்கள் முதல் இரவு ரெய்க்யாவிக்கில் தங்கி மறுநாள் வடக்கே போனோம். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

5. ஹூசாவிக் போய்ச் சேர்வது

ரெய்க்யாவிக்கிலிருந்து காரில் போனால் சுமார் 480 கிலோமீட்டர், ஆறு மணி நேரம். அக்குரெய்ரிக்கு விமானம் என்றால் முக்கால் மணி நேரம், அங்கிருந்து ஹூசாவிக் சாலை வழியே ஒரு மணி நேரம்.

கார் எடுப்பவர்கள் நம் லைசென்ஸோடு, ஆர்டிஓவில் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் வைத்துக்கொள்ளுங்கள். வண்டி வலப்பக்கம் ஓடும். நகரத்துக்கு வெளியே வேக வரம்பு தார்ச்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டர், சரளைச் சாலையில் 80. பகலிலும் விளக்கு எரிய வேண்டும். சாலையை விட்டு இறங்கி மண்ணில், பாசியில் ஓட்டுவது சட்டப்படி குற்றம்.

அக்குரெய்ரி தாண்டியதும் 7.4 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை வரும். அதற்குக் கட்டணம் உண்டு, ஆனால் சுங்கச்சாவடி கிடையாது. கேமரா வண்டி எண்ணைப் படம் பிடிக்கும், பணத்தை நீங்கள்தான் இணையத்தில் கட்ட வேண்டும். கடந்த அன்றே கட்டிவிடுங்கள். விட்டுவிட்டால் வாடகைக் கார் நிறுவனம் தன் சேவைக் கட்டணத்தையும் சேர்த்து உங்கள் கார்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். பழைய மலைப்பாதையில் போனால் கட்டணமில்லை, தூரம் கொஞ்சம் கூடும். கோடையில் அந்தப் பாதை அழகானதுதான்.

கார்க் கதவைத் திறக்கும்போது கையை விடாமல் பிடித்துத் திறங்கள். அங்குள்ள காற்று கதவைப் பிடுங்கி வளைத்துவிடும். சாதாரணக் காப்பீடு பெரும்பாலும் அதை ஏற்காது.

6. படகைத் தேர்ந்தெடுப்பது

ஹூசாவிக்கில் இரண்டு வகை. ஒன்று, முன்பு மீன்பிடிக்கப் போய்க்கொண்டிருந்த ஓக் மரப்படகு. மூன்று மணி நேரம், மெதுவான ஓட்டம், கழிப்பறை உண்டு, எழுந்து நடமாடலாம். நார்த் செய்லிங் நிறுவனம் 1995ல் இப்படி ஒரு மரப்படகில்தான் தொடங்கியது. இன்னொன்று காற்றடைத்த ரப்பர் வேகப் படகு. லுண்டே தீவையும் விரிகுடாவின் மறுகரையையும் ஒரே சுற்றில் தொட்டுவிடும். ஆனால் ஒவ்வொரு அலையும் முதுகெலும்பில் வந்து அடிக்கும். கர்ப்பிணிகள், முதுகுவலி உள்ளவர்கள், சிறு குழந்தைகளை அதில் ஏற்ற மாட்டார்கள். வயது, உயர வரம்பை டிக்கெட் எடுக்கும் முன்பே பாருங்கள். பறவைகளை நின்று நிதானமாகப் பார்க்க மரப்படகுக்கு ஈடில்லை என்பது என் கருத்து. அதிலும் பஃபின் தீவைச் சேர்த்துப் போகும் பயணத்தைத் தேர்ந்தெடுங்கள்.

நிறுவனம் ஐஸ்வேல் என்ற படகுச் சுற்றுலாச் சங்கத்தில் உறுப்பினரா என்று பாருங்கள். திமிங்கலத்தைத் துரத்தாமல், வேகத்தைக் குறைத்து, அதன் வழியை மறிக்காமல் நெருங்க வேண்டும் என்ற நடத்தை விதி அவர்களுக்கு உண்டு. நாம் கொடுக்கும் காசு அந்த விலங்குக்குத் தொல்லையாக மாறக்கூடாது. சில உணவகங்களில் திமிங்கல இறைச்சி சுற்றுலாப் பயணிகளுக்கென்றே விற்கப்படுகிறது. ஐஸ்லாந்தில் திமிங்கல வேட்டைக்குச் சட்டத்தில் இன்னும் அனுமதி உண்டு. "ஒரு வாய் ருசி பார்ப்போம்" என்று தயவுசெய்து வாங்காதீர்கள்.

முக்கியமான ஒன்று: ஹூசாவிக்கில் இரண்டு இரவாவது தங்குங்கள். படகை முதல் நாளுக்கே போடுங்கள். காற்றடித்து ரத்தானால் மறுநாள் இருக்கும். கடைசி நாள் காலையில் படகு, மதியம் விமானம் என்று திட்டம் போட்டால் கடல் உங்களுக்காகக் காத்திருக்காது.

7. காசுக் கணக்கு

ஐஸ்லாந்தின் நாணயம் குரோனா. 100 குரோனா நம் கணக்கில் ஏறத்தாழ 70 ரூபாய். மரப்படகு ஒருவருக்கு 13,000 குரோனாவை ஒட்டி இருக்கும், அதாவது ஒன்பதாயிரம் ரூபாய். வேகப் படகு 20,000 குரோனாவைத் தாண்டும். மரப்படகில் ஏழு வயதுக்குக் கீழ் பெரும்பாலும் இலவசம். கோடையில் ஹூசாவிக்கில் இருவருக்கான அறை 20,000 குரோனாவுக்குக் கீழ் கிடைப்பது அரிது. சென்னையிலிருந்து போய்வர விமானம் ஒருவருக்கு லட்ச ரூபாயை ஒட்டி வரும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

சாப்பாட்டில்தான் மிச்சம் பிடிக்க முடியும். சமையலறை உள்ள விடுதி எடுங்கள். அக்குரெய்ரியில் போனஸ் சூப்பர்மார்க்கெட்டில் அரிசி, முட்டை, தயிர், ரொட்டி வாங்கிக்கொண்டு போங்கள். பொடி வகைகள், புளிக்காய்ச்சல் ஊரிலிருந்து கொண்டுபோகலாம். இறைச்சியும் பால் பொருட்களும் வேண்டாம், சுங்கத்தில் பிடுங்கிவிடுவார்கள். தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம், குழாய்த் தண்ணீர் அவ்வளவு சுத்தம்.

ரொக்கம் தேவைப்படாது, எல்லாம் கார்டுதான். கிளம்பும் முன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வையுங்கள். ஆளில்லாத பெட்ரோல் பங்குகள் கிரெடிட் கார்டுக்கும் நான்கு இலக்க பின் நம்பர் கேட்கும். நம்மில் பலர் கிரெடிட் கார்டுக்கு பின் போட்டிருக்கவே மாட்டோம். ஊரிலேயே போட்டு ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.

8. உடை, மாத்திரை, பைனாகுலர்

ஜூனில் கரையில் பத்து டிகிரி இருந்தாலும் படகில் காற்றோடு சேர்ந்து கைவிரல் மரத்துப்போகும். நிறுவனமே முழு உடல் ஓவரால் தருகிறது, கனமானது, காற்றைத் தடுக்கும். அதற்குள் நீங்கள் போடுவதுதான் முக்கியம்: உடலோடு ஒட்டிய தெர்மல், அதன் மேல் கம்பளி அல்லது ஃபிளீஸ். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. காதை மூடும் குல்லா, கையுறை, கனமான காலுறை இரண்டு ஜோடி. கால்தான் முதலில் விறைக்கும்.

கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் அவோமின் போன்ற மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கி, படகேற ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை. அதில் தூக்கம் வரும், அதனால் மாத்திரை போட்டவர் திரும்பும்போது கார் ஓட்டக்கூடாது. வெறும் வயிற்றில் போகாதீர்கள். இட்லி மாதிரி லேசாக ஏதாவது, அங்கே கிடைப்பது ரொட்டியும் வாழைப்பழமும்தான், சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள்.

பைனாகுலர் 8க்கு 42 (எட்டு மடங்கு பெருக்கம், 42 மில்லிமீட்டர் முன்கண்ணாடி) போதும். அதைவிடப் பெருக்கம் கூடினால் ஆடும் படகில் எதுவும் நிற்காது.

9. படகில் என்ன பார்க்க வேண்டும்

வழிகாட்டி திசையைக் கடிகாரத்தால் சொல்வார். படகின் முன்முனை பன்னிரண்டு மணி, வலப்பக்கம் மூன்று, பின்புறம் ஆறு, இடப்பக்கம் ஒன்பது. "இரண்டு மணி" என்று ஒலிபெருக்கியில் வந்தால் முன்முனைக்குச் சற்று வலப்புறம் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு இதை முந்தைய நாளே சொல்லிக்கொடுங்கள்.

கண்ணை ஒரே இடத்தில் குத்தி நிறுத்தாமல் தொடுவானத்தை ஒட்டி மெதுவாக ஓட்டுங்கள். நீங்கள் தேடுவது முதுகை அல்ல, மூச்சை, அதாவது அது மூச்சு விடும்போது மேலெழும் நீர்த்திவலையை. ஹம்ப்பேக்கின் மூச்சு புதர் மாதிரி பரந்து நிற்கும். நீலத் திமிங்கலத்துடையது ஒல்லியாக ஒன்பது மீட்டர் வரை எழும். மிங்கித் திமிங்கலத்தின் மூச்சு கண்ணுக்கே தெரியாது, வளைந்த துடுப்பு ஒரு கணம் தெரிந்து மறையும்.

பறவைகளைப் பார்த்தாலே திமிங்கலம் எங்கே என்று பல நேரம் தெரிந்துவிடும். கிட்டிவேக், ஆலா என்ற கடற்பறவைகள் ஓரிடத்தில் கூடிக் கத்திக்கொண்டு தண்ணீரில் விழுந்து எழுந்தால், கீழே மீன் திரண்டிருக்கிறது என்று அர்த்தம். அதே மீனுக்குக் கீழிருந்து ஹம்ப்பேக்கும் வரும்.

ஹம்ப்பேக் மேலே வந்ததும் நான்கைந்து மூச்சு விடும். ஒவ்வொன்றுக்கும் "புஸ்ஸ்" என்ற சத்தம் கேட்கும். காற்று உங்கள் பக்கம் வீசினால் அழுகின மீன் வாடை முகத்தில் அடிக்கும். கடைசி மூச்சுக்குப் பிறகு முதுகு உயர்ந்து வளையும். கேமராவை அப்போதே தூக்குங்கள், அடுத்து வருவது வால். நீர் வழிய வால் மெதுவாக எழுந்து, சத்தமில்லாமல் உள்ளே போகும். அது முங்கிய இடத்தில் எண்ணெய் ஊற்றினாற்போல் வழவழப்பான ஒரு வட்டம் சிறிது நேரம் நிற்கும். அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், அது சில நிமிடம் கழித்து வேறெங்கோதான் எழும். வாலின் அடிப்பக்க வரிகள் ஒவ்வொரு ஹம்ப்பேக்குக்கும் வேறு. ஆய்வாளர்கள் அதை வைத்துத்தான் ஒவ்வொன்றையும் அடையாளம் காண்கிறார்கள். அதனால் தெளிவான வால் படம் கிடைத்தால் வழிகாட்டியிடம் காட்டுங்கள்.

பஃபின் படங்களில் பெரிதாகத் தெரியும். நேரில் நம் புறா அளவுதான். இறக்கையைப் படபடவென்று நிமிடத்துக்கு 400 தடவை வரை அடித்துக்கொண்டு தண்ணீரை ஒட்டிப் பறக்கும். ஃபுல்மார் அதற்கு நேர் எதிர், விறைத்த இறக்கையோடு படகின் பக்கவாட்டிலேயே மிதந்து வரும். கில்லிமாட், ரேசர்பில், சில நாள் கேனெட், பிற பறவைகளைத் துரத்தி வாயிலிருப்பதைக் கக்கவைக்கும் ஸ்குவா என்று எல்லாம் ஒரே பயணத்தில் கிடைக்கும். பறவைப் பட்டியல் வைத்திருப்பவர் இருந்தால், அவரை முன்முனையில் நிற்க வைத்துவிட்டு மற்றவர்கள் திமிங்கலத்தைப் பார்க்கலாம்.

கரையில் ஆர்க்டிக் ஆலா கூடு கட்டியிருக்கும் இடத்துக்குப் பக்கமாக நடந்தால் தலையில் கொத்தும். கையையோ குச்சியையோ தலைக்கு மேல் தூக்கிப் பிடியுங்கள், உயரமாக இருப்பதைத்தான் தாக்கும். அடிக்காதீர்கள், குஞ்சைக் காக்கத்தான் வருகிறது.

10. படகு ரத்தானால், திமிங்கலம் வராவிட்டால்

கிளம்ப வேண்டிய நாள் காலையில் மின்னஞ்சலைப் பாருங்கள். ரத்துச் செய்தி சில மணி நேரம் முன்புதான் வரும். வானிலையால் நிறுவனமே ரத்து செய்தால் வேறு நாள் அல்லது முழுப் பணம், இரண்டில் ஒன்றைக் கேட்டு வாங்கலாம். மறுநாள் இடத்துக்கு எல்லோரும் மோதுவார்கள், செய்தி வந்ததும் அலுவலகத்துக்கே நேரில் போய்விடுங்கள். எங்களுக்கும் காற்றில் ஒரு பயணம் ரத்தானது. அந்த நேரத்துக்குத் திமிங்கல அருங்காட்சியகம் நல்ல இடம். 25 மீட்டர் நீள நீலத் திமிங்கல எலும்புக்கூடு ஒன்று முழுதாக இருக்கிறது. படகு டிக்கெட் காட்டினால் நுழைவுக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டா என்று கேளுங்கள்.

படகு போயும் திமிங்கலம் தெரியாமல் திரும்பினால் பணம் வராது. பல நிறுவனங்கள் இன்னொரு பயணத்துக்கு இலவச டிக்கெட் தரும். அதை யாரும் உங்களைத் தேடி வந்து கொடுக்க மாட்டார்கள். துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் முன் அலுவலகத்தில் கேட்டு, எவ்வளவு காலம் செல்லும், எந்தத் துறைமுகத்தில் செல்லும், வேறொருவர் பயன்படுத்தலாமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.